அம்மாவின் நிலையான வைப்பைப் பற்றி நான் உனக்குச் சொல்லாதது

தம்பி,

இங்கே எல்லோரும் சுகம் என்று தொடங்குவதுதான் வழக்கம். உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. உன் அம்மாவின் முழங்கால் வலி மழை விட்டால் குறைந்துவிடும், என் சளி என்னோடு கூடப் பிறந்தது. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியதைக் கேட்டுவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். வாட்ஸ்அப்பில் அனுப்பலாமே என்று நீ கேட்பாய். அனுப்பினால் முதல் நாலு வரியைப் படித்துவிட்டு உடனே போன் எடுப்பாய். நான் சொல்லி முடிக்கும்வரை நீ குறுக்கே பேசக் கூடாது என்பதற்காகத்தான் பள்ளிக்கூடத்துக் கொப்பித் தாளில் எழுதிப் பதிவுத் தபாலில் போடுகிறேன்.

அன்றைக்கு நீ எவ்வளவு சந்தோஷமாகப் பேசினாய். "ஹட்டன்ல கல்யாண ஹோலுக்கு அட்வான்ஸ் கட்டிட்டேம்பா. கார்டுலதான் கட்டினேன். அஞ்சு லட்சம் லிமிட் தந்திருக்காங்க. மிச்சச் செலவையும் அதுலயே போட்டுக்கலாம். கல்யாணம் முடிஞ்சதும் அம்மாவோட ஃபிக்ஸ்ட் டிபொசிட்ட உடைச்சு ஒரேயடியா கட்டிருவோம். நீங்க யாருகிட்டயும் கை நீட்ட வேணாம்பா" என்றாய். நான் "சரிப்பா" என்றேன். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அம்மாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். என் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள். அந்தச் "சரிப்பா" ஒரு பொய். அதைத் திருத்தத்தான் இந்தக் கடிதம்.

அந்த வைப்பில் பணம் இல்லை, தம்பி. வைப்பு என்று ஒன்றே இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்பு அம்மா வேலையிலிருந்து நின்றபோது வந்த சேமலாப நிதிப் பணத்தை உன் கல்யாணத்துக்கென்று வங்கியில் போட்டிருப்பதாக நான் உனக்குச் சொன்னேன். ஒரு சதமும் போடவில்லை. அது முழுக்க என்னுடைய கிரெடிட் கார்ட் கடனுக்குப் போய்விட்டது. உனக்குப் பதினாறு வயதாயிருந்தபோது நான் வாங்கிய கார்ட் அது. இருபத்தாறு வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சதவீதமும் வட்டியும் சொல்லிக்கொடுக்கிற கணக்கு வாத்தியார் செய்த வேலை இது. நீ சிரித்தாலும் சரி, திட்டினாலும் சரி. ஆனால் எப்படி நடந்தது என்பதை முழுசாகக் கேள். ஏனென்றால் நீயும் அதே பாதையில் இறங்கிக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

நாங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள். எங்களுக்குக் கடன் என்றால் என்ன என்பதைத் தீபாவளி அட்வான்ஸ்தான் சொல்லிக்கொடுத்தது. உன் தாத்தா காலத்திலும் சரி, உன் அம்மா காலத்திலும் சரி, தீபாவளிக்கு முன்னால் தோட்ட ஆபீஸ் ஒரு தொகை கொடுக்கும். பிறகு மாதா மாதம் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்ளும். வட்டி கிடையாது. அடுத்த தீபாவளி வருவதற்குள் கணக்கு முடிந்துவிடும். அதை யாரும் கடன் என்று சொல்லமாட்டார்கள். "அது கடன் இல்லப்பா, அட்வான்ஸ்" என்பார்கள். சம்பள நாளில் கணக்குத் துண்டைக் கையில் வாங்கியதும் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் பார்க்கிற முதல் இடம் எவ்வளவு பிடித்திருக்கிறான் என்பதுதான். மொத்தம் எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று பார்க்க மாட்டார்கள். பிடித்தாயிற்றா, அப்போது அந்த மாதத்துக்கு நாம் சுத்தம். நான் படித்து வாத்தியாராகி அரசாங்கச் சம்பளம் வாங்கியும் என் கண் அந்தப் பழக்கத்தை விடவில்லை.

நீ சாதாரண தரப் பரீட்சை எழுதிய வருஷம் எங்கள் ஆசிரியர் அறைக்கு வங்கியிலிருந்து ஒரு பையன் வந்தான். டை கட்டி, சப்பாத்து மினுங்க, மழையில் எப்படித்தான் அந்த மலை ஏறி வந்தானோ. "சேர், அரசாங்க உத்தியோகத்தருக்கு முதல் வருசம் ஃப்ரீ. ஒரு சைன் போட்டா போதும்" என்றான். எட்டுப் பேர் இருந்தோம், எட்டுப் பேரும் போட்டோம். தபாலில் கார்ட் வந்தபோது எனக்கு நெஞ்சு நிமிர்ந்துபோனது, அதை மறைக்க மாட்டேன். எங்கள் அப்பா கடைக் கொப்பியில் எழுதிச் சாமான் வாங்கி, மாதக் கடைசியில் முதலாளி முன்னால் தலையைச் சொறிந்துகொண்டு நின்ற மனுஷன். நான் ஹட்டனில் கண்ணாடிக் கடைக்குள் போய்ச் சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்து நீட்டுகிறேன், அவன் "தேங்க் யூ சேர்" என்கிறான். முதலில் குளிர்சாதனப் பெட்டி வாங்கினேன். நம் பொகவந்தலாவைக் குளிருக்கு அது எதற்கு என்று அம்மா கேட்டாள். கேட்டது நியாயம்தான். பிறகு உன் கம்ப்யூட்டர். பிறகு உன் மாமா மகள் சடங்குக்குச் சீர். வாத்தியார் சீர் என்றால் நாலு பேர் பார்க்கத்தானே செய்வார்கள்.

மாதம் பிறந்தால் பில் வரும். அதில் இரண்டு தொகை இருக்கும். ஒன்று முழுத் தொகை, மற்றது குறைந்தபட்சமாகக் கட்ட வேண்டிய தொகை. என் கண் நேராகச் சின்னதற்குப் போனது. இதுதான் இந்த மாதம் பிடிக்கிற காசு என்று எடுத்துக்கொண்டேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். இரண்டு லட்சம் நின்றால் பத்தாயிரம் கட்டச் சொல்வான். கட்டினேன். கட்டிவிட்டு வரும்போதே, இருபது மாதத்தில் முடிந்துவிடும் என்று மனக்கணக்குப் போட்டேன். அந்தப் பத்தாயிரத்தில் நாலாயிரத்துக்கு மேல் வட்டிக்கே போகிறது என்பதை நான் பார்க்கவில்லை. ஒருமுறை முழுசாகக் கட்டாமல் விட்டால் புதிதாக வாங்குகிற சாமானுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும் என்பதும் தெரியாது. மிச்ச ஆறாயிரத்தை அடைத்துவிட்டு, அதே மாதத்தில் ஏழாயிரத்துக்கோ எட்டாயிரத்துக்கோ சாமான் வாங்கினேன். நாலு வருஷம் ஒரு தவணையும் தவறவில்லை. மழையென்றும் பார்க்காமல் பஸ் ஏறிப்போய் வங்கி வரிசையில் நின்று கட்டினேன். ஒரு நாள் போன் வந்தது. "சேர், நீங்க நல்ல வாடிக்கையாளர், லிமிட்டைக் கூட்டியிருக்கிறோம்" என்றார்கள். அன்றைக்கு ஒரு கேக் வாங்கிக்கொண்டு வந்தேன், உனக்கு ஞாபகம் இருக்கலாம். யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டாய்.

முதலில் கண்டுபிடித்தது உன் அம்மா. அவளுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஆனால் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் தராசு முள்ளை அவளைப்போலப் பார்க்கிற ஆள் இந்த மலையில் இல்லை. சாக்குக்கு ஒரு கிலோ, ஈரத்துக்கு இரண்டு கிலோ என்று கழித்தால், வெயில் அடிக்கிற நாளில் ஈரம் எங்கிருந்து வந்தது என்று கங்காணியை நிறுத்திக் கேட்பாள். ஒரு ஞாயிறு மத்தியானம் உன் பிறப்புச் சான்றிதழைத் தேடிப் பெட்டியைக் கிளறியபோது என் பில்கள் அவள் கையில் கிடைத்தன. இரண்டை எடுத்துத் தரையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள். "என்னாங்க, இது போன வருசத்துது, இது இந்த வருசத்துது. மாசா மாசம் கட்டுறேன்னு சொல்றீங்க. அப்ப நம்பர் ஏன் கூடியிருக்கு?" என்று கேட்டாள். நான் பேப்பரைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "அது பேங்க் கணக்கு, உனக்கு விளங்காது" என்றேன். அவள் தாள்களைத் திரும்ப உறையில் போட்டாள். அந்த வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் பாடம் இல்லாத நேரத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த வாரம்தான் பத்தாம் வகுப்புக்குக் கூட்டுவட்டி நடத்திக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் எழுதிய அதே சூத்திரத்தை என் பில்லுக்குப் போட்டேன், விடை வந்தது. அப்போதே வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்லியிருந்தால் நான் மனுஷன். சொல்லவில்லை. அவள் கேட்டது சரி, நான் சொன்னது பிழை என்று ஒத்துக்கொள்ள வாய் வரவில்லை. லயத்தில் வேறு "வாத்தியார் வீட்டு வாசல்ல வட்டிக்காரன் கால் வைக்க மாட்டான்" என்று பேர். அந்தப் பேரைக் காப்பாற்ற இரண்டாவது கார்ட் ஒன்று எடுத்து, அதில் மெஷினில் காசு எடுத்து முதல் கார்டுக்குக் கட்டினேன். கார்டில் காசாக எடுத்தால் எடுத்த நிமிஷத்திலிருந்தே வட்டி, அதற்கு மேல் கட்டணம் வேறு. எரிகிற வீட்டுக்கு மண்ணெண்ணெய் ஊற்றினேன். சாமான் விலையெல்லாம் தாறுமாறாக ஏறிய அந்த வருஷங்களில் கார்ட் வட்டியும் ஏறியது. அரிசியும் பால்மாவும்கூடக் கார்டில் வாங்கினோம். வங்கியிலிருந்து போன் வந்தால் வகுப்பை விட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் போய் நின்று பேசுவேன். பிள்ளைகள் நான் சிகரெட் குடிக்கப் போகிறேன் என்று நினைத்தார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் அம்மாவின் ஐம்பத்தைந்து வயது வந்தது. முப்பத்திரண்டு வருஷம் பறித்த கொழுந்துக்குச் சேமலாப நிதியாக எட்டு லட்சத்து அறுபதாயிரம் அவள் கணக்கில் விழுந்தது. வங்கியிலிருந்து வந்து உடுப்புக்கூட மாற்றாமல் அடுப்பு முன்னால் உட்கார்ந்து, "இதத் தொடக்கூடாதுங்க. தம்பி கல்யாணத்துக்கு அப்புடியே போட்டுறணும்" என்றாள். அவ்வளவு சந்தோஷத்தை அவள் முகத்தில் நான் அதிகம் பார்த்ததில்லை. அந்த நிமிஷத்தில் சொன்னேன். அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "எவ்வளவு?" என்று கேட்டாள். நாலு லட்சத்து இருபதாயிரம் என்றேன். "முழுசா சொல்றீங்களா, பாதி சொல்றீங்களா?" என்றாள். பிறகுதான் இரண்டாவது கார்டைச் சொன்னேன். இரண்டும் சேர்ந்து எட்டரை லட்சத்துக்கு மேல். அவள் கத்தவில்லை. அரிசியைக் களைந்து உலையில் போட்டாள். அப்புறம் என் பக்கம் திரும்பாமலே, "ஈரத்துக்கு ரெண்டு கிலோ புடிச்சாலே சண்டை போடுறவ நான். நீங்க முப்பத்திரெண்டு வருசத்தையும் புடிச்சிட்டீங்க" என்றாள். தம்பி, என்னை யாரும் அதற்கு முன்னாலும் பின்னாலும் அப்படி அடித்ததில்லை.

அடுத்த வாரம் இரண்டு பேரும் போய்க் கட்டினோம். இரண்டாவது கார்டை அங்கேயே மூடினோம். முதல் கார்டையும் வெட்டிப் போட்டுவிடுகிறேன் என்று நான் வீரமாகச் சொன்னேன். அம்மா சிரித்தாள். "கார்டு என்னா பண்ணிச்சு பாவம்? அது இருக்கட்டும். ஆத்திர அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்கு ஒதவும். ஆனா பில்லு வந்தா நான்தான் மொதல்ல பாப்பேன்" என்றாள். இன்றுவரை அப்படித்தான் நடக்கிறது. கார்ட் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது. மருந்து வாங்கவோ, லைட் பில் கட்டவோ எடுப்போம், அதுவும் அதற்கான காசு ஏற்கெனவே வீட்டில் இருந்தால் மட்டும். பில் வந்ததும் அம்மா விரலை முழுத் தொகைமேல் வைப்பாள். எந்த வரி என்று அவளுக்கு மனப்பாடம். அந்தத் தொகையை, கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முந்தியே, ஒரு சதம் குறையாமல் கட்டிவிடுகிறோம். மூன்று வருஷமாக எங்களிடமிருந்து அந்த வங்கிக்கு ஒரு ரூபாய் வட்டி போகவில்லை. இப்போது அவர்கள் போன் எடுத்து என்னை நல்ல வாடிக்கையாளர் என்று சொல்வதும் இல்லை.

ஆனால் உனக்குச் சொன்ன பொய் அப்படியே கிடந்தது. "அம்மாவோட காசு என்னாச்சுப்பா?" என்று நீ ஒரு நாள் கேட்டபோது, ஃபிக்ஸ்டில் போட்டாயிற்று என்று என் வாய்தான் முந்தியது. அம்மா பக்கத்தில்தான் நின்றாள். நீ போனை வைத்த பிறகு, "பிள்ளை முன்னால ஒங்கள நான் கொறைச்சுப் பேசமாட்டேன். ஆனா அந்தப் பொய்ய மெய்யாக்காம விடமாட்டேன்" என்றாள். மறு வாரமே கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனாள். பேர் பதிந்த வேலை இல்லை, பறித்த கிலோவுக்கு அன்றன்றே எழுதுகிற கைக்காசு வேலை. வீட்டில் சும்மா இருந்தால் உடம்பு பிடித்துக்கொள்கிறது, அதனால்தான் போகிறேன் என்று அவள் உன்னிடம் சொல்வது எனக்காகச் சொல்வது. இந்த வயதில் அட்டைக் கடியோடு மலை ஏறுகிறாளே என்று நீ போனில் அவளோடு சண்டை போடும்போதெல்லாம் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். சண்டை போட வேண்டியது என்னோடு. அவள் கைக்காசும் என் பின்னேர வகுப்புக் காசும் சேர்ந்து இன்றைக்கு அவள் வங்கிப் புத்தகத்தில் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் இருக்கிறது. உன் கல்யாணத்துக்கு எங்களிடம் உள்ளது அவ்வளவுதான். அதற்கு மேல் ஒளித்துவைத்தது ஒன்றும் இல்லை, இந்த முறை முழுசாகத்தான் சொல்கிறேன்.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ கொழும்பில் கம்பனிக் கணக்குப் பிரிவில் இருக்கிறாய், கார்டைப் பற்றி என்னைவிட உனக்குத் தெரியும் என்பாய். தெரிந்திருக்கும். நானும்தான் கூட்டுவட்டி தெரிந்த ஆள். தெரிந்தது சட்டைப் பைக்கு வந்து சேர்வதில்லை. நீ கார்டில் ஹோலுக்கு ஒன்றரை லட்சம் கட்டியிருக்கிறாய், தவணையில் போன் ஒன்று வாங்கியிருக்கிறாய், கல்யாணச் சேலையும் அதிலேயே எடுக்கப்போகிறேன் என்கிறாய். கார்டில் செலவழித்தால் நூற்றுக்கு இரண்டு ரூபாய் திரும்ப வரும் என்று சந்தோஷப்படுகிறாய். இரண்டு ரூபாய் தருகிறவன் எங்கேயிருந்து தருகிறான் என்று யோசித்தாயா? ஐந்து லட்சம் லிமிட் என்று நீ சொல்கிறபோது உன் குரலில் ஐந்து லட்சம் சம்பாதித்தவனின் சந்தோஷம் இருந்தது. அந்தச் சந்தோஷம் எனக்குத் தெரியும், நான் கேக் வாங்கியவன். அது உன் காசு இல்லை. உன் சம்பளத்திலிருந்து வாடகையும் சாப்பாடும் பஸ்ஸும் போக மாதம் என்ன மிஞ்சுகிறதோ, அதுதான் உன் லிமிட். வங்கி அதை உனக்குச் சொல்லாது, நீயே ஒரு தாளில் எழுதிக் கண் படுகிற இடத்தில் ஒட்டிவை.

ஹோலை விட்டுவிடு. கட்டிய அட்வான்ஸில் எவ்வளவு திருப்பித் தருவான் என்று கேள். பாதி போனாலும் போகட்டும், வெள்ளம் தலைக்கு மேல் போவதற்குள் கரை ஏறுவோம். கல்யாணம் நம் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நடக்கும். சாப்பாடு பள்ளிக்கூட மண்டபத்தில், அதிபரிடம் நான் கேட்டாயிற்று. சமையலுக்கு நம் லயத்துப் பொடியன்கள் இருக்கிறார்கள். அம்மாவின் இரண்டு லட்சத்து நாற்பதாயிரத்துக்குள் இருநூறு பேருக்கு வயிறு நிறையச் சோறு போடலாம், மஞ்சள் கயிற்றில் ஒரு சின்னத் தாலியும் செய்யலாம். மொய் வரும், அதில் கார்டைக் கட்டலாம் என்று மனதில் ஒரு ஓரத்தில் வைத்திருந்தால் அதையும் எடுத்துப்போடு. மொய் என்பது நாம் திருப்பிச் செய்ய வேண்டியது. அடுத்த வருஷம் அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு நீதான் போய் எழுத வேண்டும். கார்டில் ஏற்கெனவே நிற்பதை உன் சம்பளத்திலிருந்துதான் நீ அடைக்க வேண்டும். குறைந்தபட்சத்தைக் கட்டிவிட்டு மூச்சு விடாதே. அது முடிகிற வரைக்கும் அந்தக் கார்டில் புதிதாக ஒரு சாமானும் வாங்காதே, காசாகவும் எடுக்காதே. அம்மாவின் பணத்தில் ஒரு சதம்கூடக் கார்டுக்குப் போகாது. இதை நான் கெஞ்சிக் கேட்கவில்லை, தம்பி. சொல்கிறேன். ஒரு பொம்பளையின் மலைக்காசை ஒரு தரம் வங்கிக்குக் கொண்டுபோய்க் கொட்டியவன் நான். இரண்டாம் தரம் என் கண் முன்னால் அது நடக்காது.

உனக்குக் கோபம் வரும். இன்னும் கொஞ்சம் வரப்போகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நேற்று பௌர்ணமி, போயா லீவு. நான் மூன்று பஸ் மாறி டயகமவுக்குப் போய், நம் வீட்டுக்கு மருமகளாக வரப்போகிற தர்ஷினி வீட்டில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வந்தேன். வைப்பை நம்பித்தான் நீ ஹோல் என்றாய், ஹோலை நம்பித்தான் சம்பந்தி முந்நூறு பேருக்குச் சொல்லப்போகிறார். அது இல்லை என்பதை அவருக்கு நான்தான் சொல்ல வேண்டும், நீ சொல்லக் கூடாது. சம்பந்தி நல்ல மனுஷன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கோயில்ல நடந்தா சாமிக்கு என்னா கோவமா வரும்? விடுங்க சம்பந்தி" என்றார். அப்போது தர்ஷினி பிள்ளை மடுவத்தில் வேலை முடிந்து வந்தாள். லீவு நாளிலும் கொழுந்து எடுக்கிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் போயிருக்கிறாள். தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போகாமல் என் எதிரே பாயில் உட்கார்ந்தாள்.

"மாமா, ஒங்க கணக்கச் சொல்லிட்டீங்க. அவரு கார்டுல இப்ப எவ்வளவு நிக்குது?" என்று கேட்டாள்.

உன் கார்டைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. சேலை எடுப்பது கார்டில்தான் என்று நீயே அவளிடம் சொல்லியிருக்கிறாய். எனக்குத் தெரியாதும்மா என்றேன்.

"எனக்கும் தெரியாது. மூணு தடவ கேட்டுட்டேன். கல்யாணம் முடியட்டும், அப்புறம் சொல்றேன்னு சிரிக்கிறாரு. முடிஞ்சப்புறம் கேட்டு நான் என்னா பண்ணப் போறேன் மாமா?"

அவள் அப்பா அதட்டினார். அவள் எழுந்திருக்கவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. "கோயில்ல கட்டினாலும் சரி, லயத்துல கட்டினாலும் சரி. அந்த நம்பர் தெரியாம நான் சேலை எடுக்க வரமாட்டேன்னு அவருகிட்ட சொல்லிருங்க" என்றாள்.

சொல்லிவிட்டேன். அவள் பிடிவாதக்காரி என்று நினைக்காதே. என் வீட்டில் இதே கேள்வியைக் கேட்டவளுக்கு நான் பதில் சொல்லியிருந்தால் இன்றைக்கு இந்தக் கடிதமே இல்லை. இது திங்கட்கிழமைக்குள் உன் கைக்குக் கிடைத்துவிடும். சேலை எடுக்கப் போவதாக இருந்தது அதற்கு அடுத்து வருகிற ஞாயிறு. என்னைத் திட்ட வேண்டுமென்றால் அப்புறம் போன் எடு, கேட்டுக்கொள்கிறேன். முதலில் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு அவளுக்குப் போன் எடு. போனுக்கான தவணை, நீ சின்னச் செலவு என்று விட்டது, எல்லாவற்றையும் கூட்டி முழுத் தொகையைச் சொல். உன் அம்மாவிடம் சொல்ல எனக்கு எட்டு வருஷம் பிடித்தது. உனக்கு ஞாயிறு வரைக்கும் நேரம் இருக்கிறது.

அப்பா